உப்புப் பாக்கெட்டின் பின்பக்கம்

ஜூன் 16, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். எனக்கு அவமானமாக இருப்பதையும் விட மாட்டேன். இப்படிக்கு, ப. பிரம்மசக்தி, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.

நோட்டைக் கொடுத்தது ஜெபக்கனி டீச்சர். ஆகஸ்ட் எட்டாம் தேதி பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எனக்கு வந்த தலைப்பு ‘உணவில் பொட்டாசியம்’. “சோதனை பண்றவ தினமும் எழுதணும். தப்பாப் போனதையும் எழுதணும். ரப்பர் பக்கத்துலயே வரக் கூடாது” என்றார் டீச்சர்.

மரியசெல்விக்கு எரிமலை கிடைத்திருக்கிறது. “பொட்டாசியத்த வச்சு என்னட்டி காட்டுவ? வாழைப்பழத்தையா?” என்று சிரித்தாள். ஆமாம், வாழைப்பழத்தையும்தான் காட்டுவேன்.

மாலையில் ஆறு குடம் தண்ணீர் பிடித்தேன். அப்பாவின் கால் இன்றும் வீங்கியிருக்கிறது. செருப்பு வார் பதிந்த இடம் வாய்க்கால் மாதிரி குழிந்து கிடந்தது. “உப்புத் தண்ணியில நின்னுக்கிட்டே கெடந்தா வீங்கத்தான் செய்யும்” என்றாள் அம்மா. அப்பா உப்பளத்தில் பலகை இழுத்து உப்பு வாருகிறார். அம்மா அதைச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறாள். இருவரும் விடியுமுன் போய் மதியம் வருவார்கள்.

ஜூன் 19, வியாழன்

நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் படித்தேன். நம் தசை சுருங்கவும், நரம்பு செய்தி கொண்டுபோகவும், இதயம் சீராகத் துடிக்கவும் பொட்டாசியம் வேண்டும். சோடியம் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியம் இறக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்றரை கிராம் தேவை. பலருக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. முருங்கைக்கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பருப்பு, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதிகமாகிவிட்டால்? அதற்கும் பதில் இருந்தது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஆகவே கவலையில்லை.

அப்பாவுக்கு இரண்டு வருடமாகப் பிரஷர். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அப்பா கேட்பதாயில்லை. “உப்பளத்துக்காரன்ட்ட உப்பக் குறைங்காரு. மீனப் பாத்தா தண்ணியக் குறைன்னு சொல்லுவாரோ?” என்று சொல்லிக்கொண்டே கஞ்சியில் இன்னொரு சிட்டிகை போட்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது.

ஜூன் 21, சனி

எங்கள் வீட்டில் கடையில் உப்பு வாங்கியதே இல்லை. அளத்திலிருந்து கல்லுப்பு வரும். குழம்புக்கு அதை அப்படியே போடுவோம். அப்பாவின் கஞ்சிக்கும் சோற்றுக்கும் பொடியுப்பு வேண்டும். அதற்குக் கல்லுப்பை வறுத்து, உரலில் இடித்து, சலித்து அலுமினிய டப்பாவில் நிரப்ப வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அது என் சனிக்கிழமை வேலை.

இன்று இடிக்கவில்லை.

கட்டுரைப் போட்டிப் பரிசுப் பணத்தில் பஜாரிலுள்ள சூப்பர் மார்க்கெட்டில் சோடியம் குறைந்த உப்பு ஒரு கிலோ வாங்கினேன். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. கெட்டது குறைகிறது, நல்லது சேர்கிறது. இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. ஆனால் அப்பாவிடம் சொன்னால் கையால் தொட மாட்டார். “தூத்துக்குடியில பொறந்துட்டுக் கடை உப்பா?” என்பார். அதனால் சொல்லாமல் டப்பாவில் கொட்டிவிட்டேன். பிரஷர் இறங்கிய பிறகு சொல்வேன். அப்போது அவரே சிரிப்பார்.

காலிப் பாக்கெட்டைப் பிரித்து, கண்காட்சி அட்டையின் நடுவில் முன்பக்கம் தெரிய ஒட்டினேன். சிவப்பு இதயம் படம் போட்ட பாக்கெட். நாலு மூலையிலும் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

“ஏட்டி, உப்பு கரிக்கவே மாட்டேங்கு. லேசாக் கசக்குதே, கருக வறுத்தியோ?” என்றார் அப்பா. ஆமாம் என்றேன். இன்னும் இரண்டு சிட்டிகை போட்டுக்கொண்டார். மொத்தம் நான்கு.

ஜூன் 28, சனி

இனி தினமும் கீரைக்காரியிடம் முருங்கைக்கீரை வாங்கும்படி அம்மாவிடம் சொன்னேன். மதியம் ஒரு வாழைப்பழம். வெயில் கொளுத்துகிறது என்பதால் அம்மாவே ஒருநாள் விட்டு ஒருநாள் இளநீர் வெட்டி வாங்கி வருகிறாள். நான் சொல்லாமலே என் பட்டியல் நடக்கிறது.

நேற்று இருவரும் வேலைக்குப் போகாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புது மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அம்மா ஃபைலை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “பிரஷருக்குத்தான். நீ படிக்கிற வேலையப் பாரு.” அவள் கண் சிவந்திருந்தது. மிளகாய் வறுத்ததாம். அடுப்பில் பால் மட்டும்தான் இருந்தது.

ஜூலை 2, புதன்

கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினாலும் நுரை நிற்கிறது. யாரோ சோப்புத் தூளைக் கொட்டி வீணாக்குகிறார்கள்.

ஜூலை 5, சனி

வெற்றி! தெருமுனைக் கிளினிக்கில் நர்ஸ் அக்கா அப்பாவுக்குப் பிரஷர் பார்த்தார். முன்பு நூற்று அறுபது, இப்போது நூற்று நாற்பத்தாறு. அட்டையில் ஒரு சிறு வரைபடமாகப் போடப் போகிறேன். இரண்டாவது பாக்கெட்டும் வாங்கிவிட்டேன்.

ஆனால் அப்பா சோர்வாக இருக்கிறார். வரப்பில் நடக்கும்போது கால் மணல் மூட்டை கட்டினமாதிரி இருக்கிறதாம். “வயசாவுதுல்லா” என்றார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

ஜூலை 8, செவ்வாய்

அப்பா பாதி வேலையில் திரும்பி வந்துவிட்டார். வாசல் படியில் ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார். சத்துக்குறைவாக இருக்கும் என்று சாயங்காலம் இன்னொரு வாழைப்பழம் கொடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

கணக்குப் பாடம் நடக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். பலகை இழுத்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே பாத்திக்குள் மண்டியிட்டு விழுந்துவிட்டாராம். உப்பு ஏற்ற வந்த லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். நான் போனபோது நெஞ்சில் வயர்கள் ஒட்டியிருந்தன. முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. யாரும் துடைக்கவில்லை. நான் துடைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

இரத்தத்தில் பொட்டாசியம் 7.1. ஐந்துக்குள் இருக்க வேண்டும்.

அந்த வார்த்தையை டாக்டர் சொன்னபோது முதலில் என் அட்டையைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் சிறுநீரக மருத்துவர். மெல்லிய குரலில் பேசுகிற பெண். “ஹார்ட் நின்னுருக்கும். அரை மணி நேரம் லேட்டாயிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணிருக்க முடியாது. கிட்னி பேஷண்ட்டுக்கு என்னம்மா சாப்பிடக் குடுத்தீங்க?” என்று அம்மாவைக் கேட்டார்.

கிட்னி பேஷண்ட் யார் என்று நான் கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னாள். “பிள்ளைக்குத் தெரியாதும்மா. ஒரு வருஷமா மறச்சு வச்சிருக்கோம். தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு அப்பா காலடியிலயே உக்காந்திருவா.” பிறகு, “இளநி குடுத்தேன்மா. சூட்டுக்கு நல்லதுன்னு நாந்தான் குடுத்தேன். பழம், கீரை...” என்றாள்.

“வேற?”

“வேற ஒண்ணுமில்லம்மா.”

நான் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடி சரியாக மூடவில்லை. கையில் வெந்நீர் வடிந்தது.

ஜூலை 12, சனி

உப்பு இடித்தேன். டப்பாவைக் கழுவிக் காயவைத்து நிரப்பினேன்.

ஜூலை 14, திங்கள்

தங்கபுஷ்பம் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வார்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். “இளநியக் குடுத்தா எந்தம்பியச் சாவக் குடுத்த? டாக்டர் சொன்னது மண்டையில ஏறலையா லிங்கக்கனி?” அம்மா எதிர்த்துப் பேசவில்லை. “எந்தப்புதான் மதினி” என்று மட்டும் சொன்னாள். மூன்று முறை சொன்னாள்.

உணவு ஆலோசகர் அம்மாவுக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுத்தார். காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேறு தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியம் அந்தத் தண்ணீரோடு போய்விடுமாம். காய் வெந்த தண்ணீரில் ரசம் வைக்கிறவள் அம்மா. ஒரு சொட்டுகூடக் கீழே விட மாட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறந்துவிடுவோமோ என்று பயந்து, பேருந்தில் வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அவள் திங்களும் செவ்வாயும் சாப்பிடுவதில்லை என்று நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

ஜூலை 16, புதன்

இன்று எழுத எதுவும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

டாக்டர் அப்பாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று பக்கத்துக் கட்டில்காரர் முன்பே சொல்லியிருக்கிறார்.

“நாளுக்கு ஒரு பழம், ரெண்டு நாளைக்கொரு இளநி, இதுக்கு இவ்வளவு ஏறக் கூடாது பலவேசம். அப்படி ஏறியிருக்குன்னா, உங்க கிட்னி நாங்க நெனச்சதவிட வேகமாப் போகுதுன்னு அர்த்தம். சீக்கிரம் டயாலிசிஸ் வேண்டியிருக்கும். அதுக்கு இப்பவே இடது கையில ரத்தக் குழாயைச் சேர்த்து ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி வச்சிரலாம். திங்கக்கிழமை.”

“அந்தக் கையால பலகை இழுக்கலாமாம்மா?”

“வெயிட் இழுக்கக் கூடாது.”

அப்பா வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வோமே, அதுமாதிரி.

வேற காரணம் எதுவும் இல்லை என்று டாக்டர் நினைக்கிறார்.

ஜூலை 18, வெள்ளி

ரப்பர் பக்கத்திலேயே வரக் கூடாது. அதனால் முந்திய பக்கங்களை அழிக்காமல், விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 21 அன்று பாக்கெட்டை ஒட்டுவதற்கு முன் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அகராதி வைத்து அர்த்தமும் கண்டுபிடித்தேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைச் சேர்க்கக் கூடாது. நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று நினைத்துத்தான் பசை தடவினேன். அது அறியாமல் செய்தது.

ஜூலை 11 அன்று அறிந்தேன். அதற்குப் பிறகு ஏழு நாள் வாயைத் திறக்கவில்லை. டப்பாவிலிருந்த உப்பை மாற்றிவிட்டேன், இனி ஆபத்தில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அத்தை அம்மாவைத் திட்டியபோதும் சொல்லிக்கொண்டேன். இது அறிந்து செய்தது.

காலையில் அட்டையிலிருந்து பாக்கெட்டை உரித்தேன். பாதி பசையோடு அட்டைத்தோலும் சேர்ந்து வந்தது. அதையும், அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்த இரண்டாவது பாக்கெட்டையும், இந்த நோட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு, பள்ளிக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் வார்டுக்குள் வந்துகொண்டிருந்தார். “இளநி இல்ல டாக்டர். இதுதான். நாந்தான் போட்டேன்” என்று பாக்கெட்டை நீட்டினேன். மனதுக்குள் ஒரு பெரிய பேச்சு எழுதி வைத்திருந்தேன். இவ்வளவுதான் வெளியே வந்தது.

அவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். “எவ்வளவு நாள்?”

“ஜூன் இருபத்தொண்ணுலருந்து.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு?”

நோட்டைத் திறந்து கொடுத்தேன். எந்தத் தேதியில் எத்தனை சிட்டிகை, எத்தனை பழம், எல்லாம் அதில் இருக்கிறது. டாக்டர் நின்றபடியே படித்தார். நுரை பற்றி எழுதிய பக்கத்தில் கொஞ்சம் நின்றார். அந்தப் பக்கத்தை எதற்குப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு கேட்டேன். சொன்னார். அது சோப்புத் தூள் இல்லை. சிறுநீரகம் கெட்டால் சிறுநீரில் வரும் நுரை.

கடைசியில் கட்டிலருகே போய், இந்த முறை உட்காராமல் பேசினார். “பலவேசம், திங்கக்கிழமை ஆபரேஷன் வேணாம். காரணம் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு வாரம் நான் சொல்றமாதிரி சாப்பிடுங்க, திரும்ப டெஸ்ட் எடுப்போம். கிட்னி சரியாயிரும்னு சொல்லல. டயாலிசிஸ் வரவேண்டிய நாள்ல வரும். ஆனா அவசரப்பட்டுக் கையக் கட்ட வேண்டாம்.”

அம்மா என் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது, ஓங்கிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“ஒரு வாரமா நாந்தான் கொன்னேன்னு கெடந்தேன்ட்டி. பாத்துக்கிட்டுத்தானே இருந்த?” என்றாள்.

ஆமாம் என்றேன். நீங்களும் எனக்குச் சொல்லவில்லையே என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை இங்கேதான் எழுத முடிகிறது.

அப்பாதான் பேசினார். குரலில் பலமில்லை. “அதான் கசந்துச்சு. எந்நாக்கு பொய் சொல்லலல்லா? இருபத்தஞ்சு வருஷம் உப்பு வாருனவன் நாக்கு. கருக வறுத்தேன்னு ஒரு பொய்யச் சொல்லி என்னையவே ஏமாத்திட்டாளே, லிங்கக்கனி.” சிரிக்கப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். “பெட்டியில இருக்கு எல்லாம். எனக்கு இங்கிலீஸ் தெரியாது, உங்கப்பாவுக்கும் தெரியாது. அவிய சொன்னதத்தான் தலையாட்டிக் கேட்டுட்டு வந்தோம். இனிமே நீ வாசிச்சுச் சொல்லு. நல்லதோ கெட்டதோ, உள்ளதச் சொல்லு.”

பதினான்கு மாதத்துக் காகிதங்கள். எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் வாசித்துச் சொன்னேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

அத்தை வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். தனியாகத்தான் போனேன். அத்தை, “உங்கம்ம ஏம்ட்டி அன்னிக்கி எதுத்து ஒரு வார்த்தை சொல்லல?” என்று கேட்டாள்.

ஜூலை 23, புதன்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சிக்கு அளந்து அரைச் சிட்டிகை. நான்தான் போடுகிறேன். அவர் டப்பாவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், குடித்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பொட்டாசியம் 4.8.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் குறையவில்லை. இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன். முதலில் கெட்டதைச் சொன்னேன்.

அப்பாவுக்கு இனி பலகை வேலை வேண்டாம் என்றார் டாக்டர். நிழலில் இருக்கிற வேலை என்றால் போகலாமாம். அளத்தில் நிழல் எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டார். உப்புப் பாக்கெட் ஒட்டும் கொட்டகையில் கேட்டுப் பார்ப்பதாக அம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண்காட்சி.

வரைபடத்தை எடுத்துவிட்டேன். பொட்டாசியம் நல்லது என்ற பட்டியல் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது உண்மை. தலைப்பை மட்டும் ‘யாருக்கு நல்லது’ என்று மாற்றினேன். நடுவில் அதே பாக்கெட்டை, பின்பக்கம் தெரிய ஒட்டினேன். உரித்ததில் சில எழுத்துகள் போய்விட்டன. அந்த ஒரு வரியைச் சுற்றிக் கட்டம் போட்டு, கீழே தமிழில் பெரிதாக எழுதினேன்.

பார்க்க வந்தவர்களில் ஒருவர், “ஏம்மா, அழகான பக்கம் உள்ள போயிருச்சே, திருப்பி ஒட்டிட்டியா?” என்று கேட்டார். இதுதான் சரியான பக்கம் என்றேன். பரிசு எரிமலைக்குப் போனது. மரியசெல்வியின் எரிமலை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஜெபக்கனி டீச்சர் என் நோட்டை முழுவதும் படித்துவிட்டு, மதிப்பெண் போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நடக்க நேரமாகிவிட்டதாம். அட்டை முன்னால் போய் நின்று, இடது கை விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். சி-று-நீ-ர-க-க். அம்மா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் வாசித்த ஒவ்வொரு சொல்லையும் திரும்பச் சொன்னாள்.

வாட்ச்மேன் அண்ணன் சுவிட்சுப் பலகை அருகில் வந்து நின்றார். அப்பா கடைசிச் சொல்லை முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு விளக்குகளை அணைத்தார்.